மூடிய கன்டெய்னரில் கார் அனுப்புகிறீர்களா? யார்டுக்கு நீங்களே வாருங்கள்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கேரியர் யார்டில், அதாவது கார்களை மூடிய கன்டெய்னர் லாரிகளில் ஏற்றி அனுப்பும் இடத்தில், லோடிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். தொழிற்சாலையிலிருந்து வரும் புது வண்டிகளை ஏற்றி அனுப்புவதுதான் முக்கிய வேலை. மாற்றலாகிப் போகிறவர்கள், வேலையை விட்டு ஊர் திரும்புகிறவர்கள் என்று வீட்டுக் கார்களும் நிறைய வரும். புது வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் கேள்வி கேட்கக் கம்பெனி இருக்கிறது. வீட்டுக் காருக்கு அதன் சொந்தக்காரர் மட்டும்தான். அவரோ பெரும்பாலும் ஏற்றுகிற அன்றைக்கு அங்கே இருப்பதில்லை.

சென்னையிலிருந்து டெல்லி சுமார் 2,200 கிலோமீட்டர். ஒழுங்காகக் கட்டிய வண்டிக்கு மூடிய லாரிக்குள் அந்த 2,200 கிலோமீட்டரில் அநேகமாக ஒன்றும் ஆவதில்லை. கல் தெறிக்காது, மழை நேராக அடிக்காது, கிளை உரசாது. நான் பார்த்த சேதமெல்லாம் வீட்டிலிருந்து யார்டுக்கு வரும் தூரத்திலும், யார்டிலிருந்து வீட்டுக்குப் போகும் தூரத்திலும், லாரிக்குள் ஏற்றி இறக்கும் அந்தக் கொஞ்ச நேரத்திலும் நடந்தவைதான். நீங்கள் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

‘டோர் டு டோர்’ என்று கொட்டேஷனில் போட்டிருப்பார்கள். அறுபது அடி நீளமுள்ள டிரெய்லர் உங்கள் தெருவுக்குள் வராது. யாரோ ஒரு டிரைவர் வந்து உங்கள் சாவியை வாங்கி, போக்குவரத்து நெரிசலில் உங்கள் காரை யார்டுக்கு ஓட்டி வருவார் என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்களே ஓட்டிக்கொண்டு யார்டுக்கு வாருங்கள். லாரிக்குள் ஏற்றிக் கட்டும்வரை நில்லுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

விலையும் ஆளும்

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தயாராகும் கார்கள் இந்த லாரிகளில்தான் வடக்கே போகின்றன. குருகிராம், மானேசரில் தயாராகும் மாருதி கார்கள் அதேபோலத் தெற்கே வருகின்றன. ஒரு லாரியில் இரண்டு தட்டிலுமாக ஆறிலிருந்து எட்டு வண்டி வரை ஏற்றலாம். அதில் காலியாகும் இடத்தில்தான் உங்கள் வண்டிக்கு இடம் கொடுப்பார்கள். லோடு நிரம்பாமல் லாரி கிளம்பாது. ஓட்டம் ஐந்தாறு நாள் என்றால் காத்திருப்பும் அதே அளவுக்கு இருக்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘நாலே நாளில் டெலிவரி’ என்று சொல்கிறவரை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள்.

சின்ன ஹேட்ச்பேக்குக்கு 20,000-லிருந்து 30,000 ரூபாய் வரை கேட்பார்கள். எஸ்.யு.வி. என்றால் இன்னும் கூடும். உங்கள் கார் ஒன்றுக்கு மட்டும் தனி லாரி கேட்டால் இதைப்போலப் பல மடங்கு ஆகும். நடுவில் ஒருவர் 11,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்பார். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனாலே 145 லிட்டருக்கு மேல் எரிபொருள் வேண்டும். டோல்கேட் செலவு தனி. அந்தக் காசுக்கு மூடிய லாரி வரவே வராது. ஒன்று, திறந்த லாரியில் ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் வண்டி அவர்கள் கைக்குப் போனபிறகு, ‘அந்த வரி, இந்த ஹால்டிங் சார்ஜ் (நிறுத்திவைத்த கட்டணம்)’ என்று பாதி வழியில் நிறுத்திவைத்துக் காசு கேட்பார்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் எங்களுக்கு போன் செய்து அழுததுண்டு. வண்டி எங்கள் கையில் இல்லாதபோது நாங்கள் என்ன செய்ய முடியும்?

கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி, ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். யாருடைய பெயரில் இருக்கிறது, எந்த ஊர், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் இலவசமாகவே தெரிந்துவிடும். பெரிய கம்பெனிகளின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். பணத்தைக் கம்பெனி கணக்குக்கே அனுப்புங்கள். தனிநபரின் மொபைல் எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். முழுப்பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம். முன்பணம் கொஞ்சம், லாரியில் ஏற்றியதும் ஒரு பகுதி, மிச்சம் டெலிவரியில் என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும்: ஒரே லாரியில் கடைசிவரை போகுமா, நாக்பூரிலோ ஹைதராபாத்திலோ இறக்கி வேறு லாரியில் மாற்றுவார்களா? மாற்றினால் ஏற்றி இறக்குவது இரட்டிப்பாகும், அந்த ஆபத்தும் இரட்டிப்பாகும். கூட இரண்டாயிரம் கேட்டாலும் நேர் லோடுக்கே போங்கள். வடக்கேயிருந்து கோயம்புத்தூர், மதுரைக்குப் போகிற வண்டி என்றால் பெரும்பாலும் பெங்களூரிலோ சென்னையிலோ இறக்கித்தான் அனுப்புவார்கள். அந்த ஊருக்கே போய் நீங்கள் வண்டியை எடுத்துக்கொள்வது நல்லது.

பில்டியும் இன்சூரன்ஸும்

சரி, காகிதங்களுக்கு வருவோம். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் நகல் மட்டும் கொடுங்கள். ஒரிஜினல் ஆர்.சி. உங்களிடமே இருக்கட்டும். ‘இது என் சொந்த உபயோகத்துக்கான பழைய வண்டி, இடமாற்றத்துக்காக அனுப்புகிறேன், விற்பனைக்கு அல்ல’ என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சேர்த்துவிடுங்கள். வழியில் இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) சோதனை வரும்போது டிரைவருக்கு அது கைகொடுக்கும்.

லாரிக்காரர் தரும் ரசீதைத்தான் பில்டி என்கிறோம். சிலர் எல்.ஆர். என்பார்கள். வண்டி எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண், கிலோமீட்டர் ரீடிங், ஏற்கெனவே இருக்கும் கீறல்கள், லாரியின் பதிவு எண், ‘மூடிய கன்டெய்னர்’ என்ற சொல், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். லாரி நாகாலாந்து எண்ணோடு, என்.எல். என்று ஆரம்பித்தால் பயப்படாதீர்கள். கார் கேரியர்களில் பல அந்தப் பதிவுதான்.

பில்டியில் பலரும் காலியாக விடுவது வண்டியின் மதிப்பை எழுதும் இடம். அதை விடவே கூடாது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011-ஆம் ஆண்டு விதிகளும் சொல்வது இது: கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்கான கட்டணத்தைக் கட்ட ஒப்புக்கொள்ளாவிட்டால், சேதத்துக்கு லாரிக்காரரின் பொறுப்பு நீங்கள் கொடுக்கும் வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். வாடகை 25,000 என்றால் 2,50,000. உங்கள் கார் எட்டு லட்சம் பெறும் என்றால் மிச்சத்துக்கு யாரிடம் போவீர்கள்?

இன்சூரன்ஸிலும் ஒரு குழப்பம் உண்டு. வண்டியை அனுப்பித் தரும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்கள் வண்டி மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வாங்கிக்கொண்டு ‘டிரான்சிட் இன்சூரன்ஸ்’ என்று பில்லில் ஒரு வரி போடுவார்கள். அந்த வரி மட்டும் இன்சூரன்ஸ் ஆகாது. இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த சான்றிதழ், உங்கள் பெயரும் வண்டி எண்ணும் போட்டு, ஏற்றுவதற்கு முன்பே உங்கள் கைக்கு வர வேண்டும். வரவில்லையா, அந்தக் காசைக் கொடுக்காதீர்கள். அப்புறம், உங்கள் காருக்கு நீங்கள் எடுத்திருக்கும் முழு பாலிசியை ஒருமுறை திறந்து படியுங்கள். தீ, திருட்டு, வெள்ளம் என்று வரிசையாகச் சொல்லும் இடத்தில், சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் இவற்றில் கொண்டுபோகும்போது ஏற்படும் சேதமும் இருக்கும். இது தெரியாமலே பலர் இரண்டு இடத்தில் பணம் கட்டுகிறார்கள். இதில் கிளைம் போட்டால் நோ-கிளைம் போனஸ் (கிளைம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போகும் என்பது வேறு விஷயம். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்களுக்குத் தனி டிரான்சிட் பாலிசி கட்டாயம் வேண்டும்.

வண்டியைத் தயார் செய்வது

முதல் நாளே கழுவிவிடுங்கள். தூசிக்கு அடியில் எந்தக் கீறல் பழையது, எது புதியது என்று யாராலும் சொல்ல முடியாது. கழுவிய கையோடு ஈரத்தில் கொண்டுவந்து கொடுக்க வேண்டாம். ஈரமாக ஹேண்ட்பிரேக் போட்டு பத்து நாள் நின்றால் பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். வெயில் வெளிச்சத்தில் சுற்றிலும் நிதானமாக வீடியோ எடுங்கள். பம்பரின் கீழ் விளிம்பு, நாலு ரிம், கூரை, கண்ணாடி, மீட்டரில் ஓடும் கிலோமீட்டர், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் அதில் தெரிய வேண்டும்.

டேங்கில் கால் பங்கு போதும். சொட்டுகூட இல்லாமல் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டியைத் தள்ளித்தான் ஏற்ற வேண்டும், தள்ளுகிற கைகள் கதவிலும் பானெட்டிலும்தான் படும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். வண்டியைக் கட்டும் பெல்ட் டயர் மேலேதான் வரும். வழியில் காற்று இறங்கினால் பெல்ட் தளர்ந்துபோகும். பேட்டரிக்கு மூன்று நாலு வயது ஆகிவிட்டது என்றால் சோதித்துப் பாருங்கள். டேஷ்கேமைக் கழற்றிவிடுங்கள். அசைந்தால் கத்தும் அலாரம் இருந்தால் அணைத்துவிடுங்கள். லாரி குலுங்கும்போதெல்லாம் அது கத்திக் கத்தி பேட்டரியைத் தீர்த்துவிடும்.

ஒரு சாவி மட்டும் கொடுங்கள், வீட்டுச் சாவி எதுவும் அந்த வளையத்தில் வேண்டாம். டேஷ்போர்டில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: ரிவர்ஸ் கியருக்கு வளையத்தைத் தூக்க வேண்டுமா, அழுத்த வேண்டுமா, ஸ்டார்ட் செய்ய கிளச்சை மிதிக்க வேண்டுமா, ரகசிய ஸ்விட்ச் ஏதும் உண்டா. டிரைவர்கள் பெரும்பாலும் ராஜஸ்தான், ஹரியானா பக்கத்துக்காரர்கள், தமிழ் தெரியாது. ஹிந்தி தெரிந்தவரை வைத்து எழுதிவிட்டால் நல்லது. கியரைத் தேடி வண்டியை முன்னும் பின்னும் உருட்டும்போதுதான் பம்பர் இடிக்கிறது.

காருக்குள் சாமான் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். காருக்கான இன்சூரன்ஸ் அதற்குச் செல்லாது, காணாமல் போனால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், கேஸ் சிலிண்டர் என்றால் நானே இறக்கிவிடுவேன். ஊறுகாய் ஜாடியை டிக்கியில் துணி சுற்றி வைத்து அனுப்பிய அம்மாவின் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது உடைந்தால் அந்த எண்ணெய் வாடை வண்டியை விட்டுப் போகாது. சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் யார்டில் எலி ஏறும், எலி ஏறினால் ஒயர் போகும். சீட்டின் மேல் ஒரு பழைய பெட்ஷீட் மட்டும் விரித்துவிடுங்கள். ஏனென்று அடுத்துச் சொல்கிறேன்.

ஏற்றும்போது

லாரியின் பின்கதவைத் திறந்து ராம்ப் பலகைகளை இறக்குவார்கள். மேல் தட்டின் பின்பகுதி ஹைட்ராலிக்கில் கீழே சாயும். முதலில் மேலே போகிற வண்டிகள் ஏறும், தட்டு மேலே எழும்பும், அப்புறம் கீழ்த் தட்டுக்கு ஏறும். உயரம் குறைந்த செடானுக்கு ராம்ப் ஏறும் இடத்தில் பம்பரின் அடிவிளிம்பு தட்டும். சரிவைக் குறைக்கக் கூடுதலாக மரப்பலகை போடச் சொல்லுங்கள். எல்லா யார்டிலும் பலகை கிடக்கும், கேட்டால்தான் எடுப்பார்கள்.

மேல் தட்டா, கீழ்த் தட்டா? மேலே நிற்கும் வண்டியிலிருந்து ஆயிலோ கூலன்டோ சொட்டினால் கீழே நிற்கும் வண்டியின் பெயின்ட்டில் விழும். அதனால் சாதாரண உயரமுள்ள வண்டி என்றால் நான் மேல் தட்டையே சொல்வேன். தாழ்வான செடான், பாடி கிட் போட்ட வண்டி என்றால் கீழ்த் தட்டு, மேலே என்ன வண்டி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு. உங்கள் வண்டியிலேயே ஆயில் கசிவு இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் வண்டியும் யாரோ கஷ்டப்பட்டு வாங்கியதுதான்.

இனிச் சொல்வதுதான் நான் பக்கத்திலேயே நின்று பார்க்கும் இடம். சட்டப்படி லாரியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. சுவர் கனம், உள்ளே நிற்கும் இரும்புச் சட்டம் எல்லாம் போக மிஞ்சுவது சுமார் 2.4 மீட்டர். நடுத்தர எஸ்.யு.வி.யின் அகலம் 1.8 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டடிதான் இடைவெளி. வண்டியை இடப்பக்கச் சுவரோடு ஒட்டினாற்போல நிறுத்தி, சைடு மிரரை மடக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு டிரைவர் இறங்க வேண்டும். கதவை ஒரு சாண் திறப்பார், வயிற்றை எக்கி ஒரு காலை வெளியே வைப்பார், அந்த நேரம் பார்த்து கதவு கைநழுவி விரிந்தால் அதன் விளிம்பு இரும்புச் சட்டத்தில் போய் மோதும். மூடிய லாரியில் வரும் வண்டிகளுக்குச் சொட்டை விழுவது பெரும்பாலும் இப்படித்தான். தெர்மாகோல் துண்டோ ஃபோமோ வாங்கி வந்து, டிரைவர் பக்கக் கதவு விளிம்பில் மேலிருந்து கீழ்வரை பெயின்ட்டை உரிக்காத டேப்பால் ஒட்டிவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலை. கதவே திறக்க முடியாத இடத்தில் டிரைவர் ஜன்னல் வழியாக வெளியே வருவார். அந்தக் கண்ணாடி திறந்தபடியே ஊர்வரை போகும். கன்டெய்னர் மூடியிருந்தாலும் இடுக்குகள் வழியாகத் தூசி வரும். பெட்ஷீட் விரிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கட்டுவதைக் கடைசிவரை பாருங்கள். நாலு சக்கரத்துக்கும் டயர் மேலே பெல்ட் வர வேண்டும், முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். அவசரத்தில் இரண்டு சக்கரத்தோடு விடுகிற ஆட்கள் உண்டு. நாலும் கட்டச் சொல்லி நில்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முன்னால் இருக்கும் இழுவைக் கொக்கியிலோ சஸ்பென்ஷன் கையிலோ சங்கிலி போட்டு இழுத்துக் கட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிக் கட்டினால் ஸ்பிரிங் அமுங்கியபடியே அத்தனை தூரமும் குலுங்கும். டயரோடு கட்டினால் வண்டியின் உடம்பு தன் சஸ்பென்ஷனில் ஆடிக்கொண்டு போகும், சக்கரம் மட்டும் நகராது. மேனுவல் என்றால் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக், ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’. கிளம்பி நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்திப் பெல்டை இறுக்கிப் பார்க்கும்படி லாரி டிரைவரிடம் சொல்லுங்கள். முதல் தூரத்தில்தான் பெல்ட் நெகிழும். டீக்காசு கொடுத்துச் சொன்னால் இன்னும் நல்லது. அவர் பத்து நாள் வீட்டை விட்டு ரோட்டில் கிடக்கிற மனிதர்.

வழியில் இருக்கும்போது

தினமும் பத்துத் தடவை டிரைவரைக் கூப்பிடாதீர்கள், ஓட்டிக்கொண்டிருப்பார். சாயங்காலம் ஒரு போன் போதும். காரின் ஆப்பில் இடம் காட்டவில்லை என்றாலும் பதற வேண்டாம், இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது.

பாஸ்டேக் விஷயத்தில் மட்டும் கவனம். அதைப் பிய்த்தால் கெட்டுவிடும், அலுமினியத் தாளை மேலே ஒட்டி மறைத்தால் தவறுதலாகப் பணம் பிடிக்காது. நான் சிபாரிசு செய்வது வேறு: மறைக்காமல், கணக்கில் கொஞ்சம் பணம் மட்டும் வைத்து விடுங்கள். லாரிக்குள் இருக்கும் வண்டியின் டேக்கை டோல்கேட் மெஷின் படிப்பது அரிது. ஊரைத் தாண்டி அடுத்தடுத்த டோல்கேட்டில் கார் கட்டணம் பிடித்ததாக மெசேஜ் வந்துகொண்டே இருந்தால், உங்கள் கார் லாரிக்குள் இல்லை, யாரோ ஓட்டிக்கொண்டு போகிறார்கள். உடனே வண்டி நிற்கும் இடத்தின் வீடியோ கேளுங்கள்.

இறக்கி வாங்கும்போது

பகலில் நகரத்துக்குள் கனரக வண்டிகளுக்குத் தடை இருப்பதால், ராத்திரி இறக்கி ‘உடனே வந்து எடுங்கள்’ என்பார்கள். முடிந்தவரை விடிந்தபிறகு போங்கள். போகிறபோது இரண்டு பாட்டில் தண்ணீரும் மெல்லிய துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி முழுக்கத் தூசியாக இருக்கும். முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்கிவிட்டுத் துடையுங்கள், காய்ந்த துணியால் தேய்த்தால் நீங்களே கீறல் போட்டவர் ஆவீர்கள். கைப்பேசியில் பழைய வீடியோவை ஓடவிட்டு ஒவ்வொரு பக்கமாக ஒப்பிடுங்கள். கிலோமீட்டர் ரீடிங்கைப் பாருங்கள். யார்டுக்குள் உருட்டியது, இறக்கியது என்று சில கிலோமீட்டர் கூடியிருக்கும். நூற்றுக்கணக்கில் கூடியிருந்தால் விளக்கம் கேளுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை டெலிவரிச் சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். சேதம் இருந்தால் அந்தச் சீட்டிலேயே, ‘வலது பின்கதவு விளிம்பில் சொட்டை’ என்பதுபோல இடம் குறித்து எழுதி, அதன்கீழ் கையெழுத்திட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்ட பிறகு வரும் புகாரை யாரும் மதிப்பதில்லை. அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்லுங்கள், சேதத்தை மதிப்பிட அவர்கள் அனுப்பும் சர்வேயர் பார்க்குமுன் ரிப்பேருக்கு விடாதீர்கள். பேச்சுவார்த்தையில் தீராமல் லாரிக்காரர் மேல் வழக்குப் போடும் நிலை வந்தால், வண்டியை புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது நான் முன்பு சொன்ன அதே சட்டம். கணக்கு டெலிவரி நாளிலிருந்து அல்ல.

வண்டியை எடுத்ததும் மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள். பின்சக்கரம் இறுகியிருந்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் போராடாமல், முன்னும் பின்னுமாக லேசாக நகர்த்தினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

பில்டியைப் பத்திரமாக வையுங்கள். வேறு மாநிலத்துக்கு நிரந்தரமாகப் போகிறவர்கள், கிளம்புமுன்பே பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கிவிடுவது நல்லது. லோன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி 12 மாதத்துக்கு மேல் வண்டி அந்த மாநிலத்தில் இருந்தால் புதுப் பதிவு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பி.எச். பதிவு (எல்லா மாநிலத்துக்கும் பொதுவான ‘பாரத்’ வரிசை எண்) வண்டிகளுக்கு மட்டும் இந்த வேலை இல்லை. வழியில் போலீஸோ ஆர்.டி.ஓ.வோ நிறுத்தி ‘எப்போதிலிருந்து இங்கே ஓட்டுகிறாய்?’ என்று கேட்டால், வண்டி வந்து இறங்கிய தேதிக்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம் அந்தப் பில்டிதான்.